நடுவயது நண்பர்களின் பயணக் கதையை ராமநாதபுரம் கடற்கரையில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் பக்கம் பழைய நண்பர்கள் நாலு பேர் காரில் கிளம்புவார்கள். தோட்டம் தோட்டமாக நின்று ஒயினை ருசி பார்ப்பார்கள். நடுவில் கேலி, சண்டை, பழைய கணக்கு. திரும்பும்போது ஆளுக்கொரு உண்மை அம்பலமாகியிருக்கும். சிரிப்பும் கசப்பும் கலந்த இந்தக் கதைவகையை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்து குறும்படம் எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பது, நாற்பது நிமிடப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எழுதுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் இடம், அடுத்து பாட்டில், அப்புறம் டயலாக், கடைசியில் ஆட்கள். ஆட்கள் முன்னால் வர வேண்டும். பாட்டில் வராமலே இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது கீழே வரும்.

1. எழுத உட்காரும் முன்

முதலில் ஒன்லைன் வேண்டும். "நாலு நண்பர்கள் தனுஷ்கோடி போகிறார்கள்" என்பது ஒன்லைன் இல்லை, டூர் பிளான். "வேலை போனதை மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் தானே செலவு செய்கிற ஒருவன், இரண்டு நாள் பயணத்தில் மாட்டிக்கொள்கிறான்" என்பது ஒன்லைன். இதில் ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கு ஒரு பயம் இருக்கிறது, ஒரு கெடு இருக்கிறது. மூன்றும் இல்லாவிட்டால் பத்தாம் பக்கத்தில் கதை நின்றுவிடும்.

அடுத்தது, இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த ஒருவர். ஸ்கிரிப்டைத் திருத்த அல்ல, பேச்சை வாசித்துக் காட்ட. அவர் வாயில் வராத வரி நடிகர் வாயிலும் வராது.

மூன்றாவது, கேமரா இல்லாமல் ஒரே வண்டியில் அந்தப் பாதையை முழுக்க ஒருமுறை போய்வருவது. கேமரா கையில் இருந்தால் கடலைத்தான் பார்ப்பீர்கள். இல்லாவிட்டால் பின்சீட்டில் இருப்பவன் எப்போது தூங்குகிறான், யாருக்கு எப்போது பசிக்கிறது, எங்கே பேச்சு நின்று போகிறது என்று கவனிப்பீர்கள். கார் சீன்களுக்கு இதுதான் சரக்கு.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

இதைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பிறகு பாதி ஸ்கிரிப்டைக் கிழித்துப் போடுகிறார்கள். இந்தக் கரையில் மாதம் மாறினால் ஆட்களின் வேலை மாறும், காற்று மாறும், குடிக்கக் கிடைப்பதும் மாறும்.

நான் சொல்வது சித்திரை, வைகாசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும். படகுக்காரர் ஒருவர் இரண்டு நாள் ஊர்சுற்ற வருவதற்கு வேறு காரணமே தேவையில்லை. பள்ளிக்கூடம் லீவு. பதநீர் கிடைக்கும், நுங்கு கிடைக்கும். நாலு பேரும் ஒரே நேரத்தில் எப்படி ஓய்வாக இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு டயலாக் எழுதாமலே பதில் வந்துவிடும்.

அதே கதையை ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மழை, வாடைக்காற்று. பதநீர் கிடையாது. அந்த மாதத்தில் வேறு நல்ல கதை எழுதலாம், இதை எழுத முடியாது.

3. ஆளுக்கு ஒரு மறைப்பு

நடுவயதுக்காரர்களை எழுதும்போது வரும் பெரிய தவறு, அவர்களைத் தொப்பையும் வழுக்கையுமாக மட்டும் காட்டுவது. மூட்டுவலி ஜோக் இரண்டு நிமிடம் தாங்கும். அதற்கு மேல் தாங்க, ஒவ்வொருவரும் மற்றவர்களிடம் எதை மறைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடம், இப்போது 48 வயது.

காதர், கீழக்கரை. துபாயிலிருந்து லீவில் வந்திருப்பதாகச் சொல்கிறான். உண்மையில் வேலை போய்விட்டது. எல்லாச் செலவும் என் செலவு என்று முன்னால் நிற்கிறான்.

சேவியர், தங்கச்சிமடம். படகை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டான். பயணம் முழுக்கக் கடலைப் பற்றியும் படகைப் பற்றியும் பெருமை பேசுகிறான்.

முருகேசன், ராமநாதபுரத்தில் கிளார்க். சர்க்கரை எக்கச்சக்கம். வீட்டுக்கும், அடுத்து வரும் பாண்டிக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

பாண்டி, சாயல்குடிப் பக்கம், கருப்பட்டி வியாபாரம். இவனுக்கு மறைக்க எதுவும் இல்லை, ஆனால் மற்ற மூவரும் தனித்தனியாக இவனிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி, "மத்தவங்களுக்குத் தெரியக் கூடாது மாப்ள" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

நாலாவது ஆளைப் பாருங்கள். நாலு பேருக்கும் நாலு ரகசியம் கொடுத்தால் படம் பட்டியல் மாதிரி ஆகிவிடும்: ஒன்று வெளிவரும், அழுவார்கள், அடுத்தது வெளிவரும், அழுவார்கள். எல்லாம் தெரிந்த ஒருவன் காரில் இருந்தால், யார் வாயைத் திறந்தாலும் பார்வையாளருக்கு அவன் முகம் வேண்டியிருக்கும். சிரிப்பு அங்கிருந்து வரும். மூன்று பேருடைய பாரமும் அவன் தலையில் என்பது மெதுவாகத்தான் உறைக்கும்.

நாலு பேரும் பெண்கள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கிளம்புவதே முதல் பத்துப் பக்கம் ஆகிவிடும். இரண்டு நாளுக்கு மாவு அரைத்து வைப்பது, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துச் சொல்லிக் கொடுப்பது, "யார் யார் வர்றீங்க?" என்ற கேள்விக்கு வீட்டுக்கு வீடு வேறு வேறு பதில் சொல்வது. ஒரே பயணத்துக்கு நாலு வீட்டில் நாலு காரணம். கோயிலுக்கு என்று ஒருத்தி, கல்யாணத்துக்கு என்று இன்னொருத்தி. அந்தப் பொய்களே வழியில் அவர்களைத் துரத்தும். இதை எழுத ஆள் குறைவு, எழுதினால் நன்றாக வரும்.

4. ஒயினுக்குப் பதிலாக என்ன?

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஒயின் என்றால் குடி, குடி என்றால் டாஸ்மாக், சரி, ஒரு பாட்டிலும் சைடு டிஷ்ஷும் வைத்துவிடலாம் என்று போய்விடுகிறார்கள்.

அந்தக் கதைகளில் ஒயின் செய்கிற வேலை போதை மட்டும் இல்லை. அது மண்ணுக்கு மண் மாறும். அதை உண்டாக்குகிறவர் எதிரில் நிற்பார். நிறம் பார்ப்பது, சுழற்றுவது, முகர்வது, துப்புவது என்று ஒரு சடங்கு உண்டு. அந்தச் சடங்கு தெரிந்தமாதிரி நடிப்பவன் ஒருவன், தெரியாமல் மாட்டிக்கொள்பவன் ஒருவன் என்று நகைச்சுவை தானாக வரும். டாஸ்மாக் பாட்டில் எந்த ஊரிலும் ஒன்றுதான். அதை வைத்து எழுதிய சீனை அப்படியே ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அப்படித் தூக்கிக்கொண்டு போக முடிகிற சீன் இந்தப் படத்துக்கு வேண்டாம்.

இந்தக் கரையில் அந்த வேலைக்குப் பனைதான் சரியான ஆள். காரணங்களைச் சொல்கிறேன், உங்கள் கதைக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

பதநீருக்கு நேரம் உண்டு. விடியும் முன் ஏறி இறங்குவார்கள். நண்பர்கள் ஆடி அசைந்து ஒன்பது மணிக்குப் போனால் ஏமாற்றம். ராத்திரி சண்டை போட்டுத் தூங்காதவர்கள் அதிகாலையில் எழுந்து ஒன்றாக நிற்க வேண்டிய கட்டாயம் இதனால் வருகிறது.

பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது சுண்ணாம்பு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை. ஆகவே "சுண்ணாம்பு போடாதது ஒண்ணு..." என்று இழுக்கும் நண்பனும், காது கேளாதவர் மாதிரி நிற்கும் பனையேறியும் தயாராக இருக்கிறார்கள். தடையை மீறிக் குடிக்கும் சீன் எழுதாதீர்கள். கிடைக்காமல் போவதுதான் வேடிக்கை, மரம் ஏறுகிறவருக்கும் அதனால் வம்பு வராது.

சர்க்கரைக்காரனான முருகேசனுக்குப் பதநீர் ஆகாது. ஆனால் சொல்ல முடியாது. "உடம்புக்கு இதைவிட நல்லது கிடையாதுடா" என்று பிரசங்கம் செய்துகொண்டே ஓரமாக நகர்ந்து மணலில் ஊற்றுவான்.

பதநீரோடு நிறுத்த வேண்டியதில்லை. கீழக்கரையில் காதர் வீட்டில் தேங்காய்ப்பால் விட்டு மணிக்கணக்கில் கிண்டிய தொதல் என்ற இனிப்பு வரும். கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று பாண்டி மோந்து, உடைத்து, நாக்கில் வைத்துத் தீர்ப்பு சொல்வான். தங்கச்சிமடத்தில் வாங்கிய கருவாடு ஏசி காரின் டிக்கியில் ஏறும். அதற்குப் பிறகு எந்தச் சண்டையும் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் நடக்கும்.

5. பாதையும், அந்தப் பாதையில் நடக்காதவையும்

சாயல்குடியில் தொடங்கி ஏர்வாடி, கீழக்கரை, திருப்புல்லாணி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், கடைசியில் தனுஷ்கோடி தாண்டிக் கரை முடிகிற அரிச்சல்முனை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு நண்பனும் தன் ஊர் வழியாகப் போகிறான். சொந்த ஊரில் பொய் சொல்வது கஷ்டம். தெரிந்தவர் யாராவது எதிரே வந்து நலம் விசாரித்துவிடுவார்.

பாம்பன் தாண்டினால் தீவு. கார் வெளியே வர 1988இல் திறந்த அந்த ஒரே சாலைப்பாலம்தான். கோபித்துக்கொண்டு இறங்கிப் போகிறவன் எங்கே போவான்? தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்பில் நிற்பான், மற்றவர்கள் திரும்பும்போது அவனைத் தாண்டித்தான் வர வேண்டும். பெரிய சண்டையைத் தீவுக்குள் வையுங்கள். மண்டபத்துக்கு முன்னால் வைத்தால் அவன் ராமநாதபுரம் பஸ் ஏறிவிடுவான், கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்கிரிப்டில் அடிக்கடி வந்து, எடுக்கும்போது உதைக்கும் விஷயங்கள் சில:

ரயில் பாலம் இரண்டாகப் பிரிந்து திறப்பது. அது 1914இல் திறந்த பழைய பாலம். அதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயரும். இன்றைய கதையில் பழைய காட்சியை எழுதினால் மண்டபத்துப் பையன்களே சிரிப்பார்கள்.

அரிச்சல்முனையில் நள்ளிரவு நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசுவது. மாலைக்கு மேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை, இருப்பவர்களையும் கிளப்பிவிடுவார்கள். மனம் திறந்து பேச்சு தொடங்கும் நேரத்தில் ஒரு விசில் சத்தம் வந்து எல்லோரையும் எழுப்புவதாக எழுதினால் உண்மையாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

படகில் ஏதாவது தீவுக்குப் போய் இறங்குவது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. படகு சீன் கட்டாயம் வேண்டும் என்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையே படகு விடுகிறது.

அப்புறம் அந்த ஆண் கடல், பெண் கடல் வசனம். ஒருபக்கம் அலை, ஒருபக்கம் அமைதி, அதைப் பார்த்து ஒருவன் தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றிப் பேசுவது. வருகிற ஸ்கிரிப்டில் பாதிக்கு மேல் இது இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

6. பேச்சு

நாலு பேரும் "மச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டால் படம் சென்னைக் கல்லூரிக்குப் போய்விடும். பாண்டி "மாப்ள" என்பான், கோபம் வந்தால் "ஏப்பு" என்று ஆரம்பிப்பான். காதர் வீட்டில் அண்ணன் காக்கா, அக்கா லாத்தா, அப்பா வாப்பா. சேவியர் பேச்சில் காற்றின் பெயர் இருக்கும்: வாடை, கச்சான், கொண்டல். முருகேசன் ஆபீஸ் பாஷை கலந்து பேசுவான்.

வயதான பனையேறியிடமோ படகுக்காரரிடமோ இவர்கள் "அண்ணே", "ஐயா" போட்டுத்தான் பேசுவார்கள். நகரத்து எழுத்தில் அந்தப் பெரியவர்கள் உடனே தத்துவம் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நிஜத்தில் அவர்கள் விலையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசுவார்கள். அதுவே போதும்.

நடுவயது ஆண்கள் "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்வது அபூர்வம். "வண்டிய ஓரமா நிறுத்து, காலை நீட்டணும்" என்பார்கள். அந்த வரியைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. சிரிப்பும் கசப்பும் ஒரே பொருளிலிருந்து

சீன் ஆர்டர் போடும்போது பலர் இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்கிறார்கள். பச்சை காமெடி, சிவப்பு சோகம். மூன்று பச்சைக்கு ஒரு சிவப்பு என்று கணக்கு. அப்படிச் செய்தால் சிவப்பு வருவதைப் பார்வையாளர் தூரத்திலேயே பார்த்துவிடுவார், பின்னணி இசையும் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும்.

மாற்று வழி: ஒவ்வொரு சீனுக்கும் கையில் பிடிக்கிற ஒரு பொருளை எடுங்கள். சிரிப்பு எதனால் வந்ததோ அதே பொருளால்தான் வலியும் வர வேண்டும். காதரின் உண்மை உடைகிற சீனை இப்படி எழுதிப் பார்க்கலாம்.

பொருள்: பனையோலைப் பட்டை. பதநீரை அதில் ஊற்றித்தான் குடிப்பார்கள். அதைக் கீழே வைக்க முடியாது, வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். இரண்டு கையிலும் ஏந்திக் குடித்து முடித்தாக வேண்டும்.

அதிகாலை, சாயல்குடிக்கு வெளியே பனங்காடு. பெரியவர் கலயத்தைச் சரித்து காதரின் பட்டையை விளிம்பு வரை நிரப்புகிறார். காதரின் சட்டைப் பையில் போன் அடிக்கிறது. இரண்டு கையும் சிக்கிவிட்டது. "எடுக்காதீங்கடா, அப்புறம் பேசிக்கிறேன்" என்கிறான். முருகேசனுக்குத் தன் பட்டையை யாரும் கவனிக்காமல் இருக்க ஒரு சாக்கு வேண்டும். அதைப் பாண்டியிடம் தள்ளிவிட்டு, உதவி செய்கிற சாக்கில் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு காதரின் காதருகே பிடிக்கிறான்.

"சார், நகைக் கடன் விஷயமா பேசுறோம். வட்டி கட்ட இன்னிக்குக் கடைசி நாள். போன தடவை வேலை கிடைச்சதும் கட்டுறேன்னு சொல்லியிருந்தீங்க."

காதர் பதில் சொல்லவில்லை, குடித்துக்கொண்டிருக்கிறான். நிறுத்தினால் பேச வேண்டும். பட்டை காலியாகிறது. பெரியவருக்கு அவன் குடிக்கும் வேகத்தைப் பார்த்து மகிழ்ச்சி. "நல்லாக் குடிங்கப்பு, சூடு தணியும்" என்று மறுபடி நிரப்புகிறார். காதர் மறுபடி குடிக்கிறான். போனில் குரல் "சார்... சார், லைன்ல இருக்கீங்களா?" என்கிறது. பாண்டி இரண்டு கையிலும் இரண்டு பட்டையோடு, போனை வாங்கி அணைக்க முடியாமல் நிற்கிறான்.

இந்த சீனில் யாரும் அழவில்லை, யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பெரியவர் உபசரிக்க உபசரிக்க சிரிப்பும் கூடுகிறது, சங்கடமும் கூடுகிறது. சீனை எங்கே வெட்டுவது? பெரியவர் மூன்றாவது முறை ஊற்றக் குனியும்போது. அதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் விளக்கமாகிவிடும்.

சேவியருக்கும் முருகேசனுக்கும் இதேபோல் ஒவ்வொரு பொருளைத் தேடுங்கள். ரகசியங்களைச் சம இடைவெளியில் உடைக்க வேண்டாம். முருகேசனுடையது கடைசி வரை உடையாமலே போகலாம். பாண்டி மட்டும் தங்கச்சிமடத்து டீக்கடையில் "ஒண்ணு சீனி இல்லாம" என்று சொல்லி, அதை அவன் பக்கம் நகர்த்தி வைக்கிறான். அவ்வளவு போதும்.

8. முடிவை எங்கே வைப்பது

அரிச்சல்முனையில் வைக்காதீர்கள். கரை முடிகிற இடம் என்பதாலேயே எல்லோரும் அங்கே முடிக்கிறார்கள்: நாலு பேர், நாலு நிழல், சூரியன். அந்த இடம் பாதி வழிதான். அவர்கள் ஊர் திரும்ப வேண்டும்.

திரும்பி ராமநாதபுரம் வந்து, பிரிகிற நேரத்தில் செலவுக் கணக்குப் பார்ப்பதில் முடிக்கலாம். மொத்தச் செலவு 12,000, தலைக்கு 3,000. பாண்டி கையில் சேர்ந்திருப்பது 18,000. முருகேசன் காதரின் பங்கை ரகசியமாகக் கொடுத்திருக்கிறான், சேவியரும் ரகசியமாகக் கொடுத்திருக்கிறான், காதர் எங்கோ புரட்டித் தன் பங்கைத் தானே கொடுத்துவிட்டான். மறுபடி பாண்டிக்கு மட்டும் எல்லாம் தெரியும், எதையும் சொல்ல முடியாது. "கணக்கு இடிக்குதுடா" என்று முழிக்கிறான். குறைந்தால் கேட்கலாம், கூடியதை யாரிடம் கேட்பது? "ஆறாயிரம் மிச்சமா? அப்ப அடுத்த வருசத்துக்கு அட்வான்ஸா வச்சுக்க" என்கிறான் காதர், முதலாளி தோரணை கொஞ்சமும் குறையாமல்.

9. படப்பிடிப்பை நினைத்துச் செய்யும் திருத்தம்

நீண்ட பேச்சுகளைத் திறந்த கடற்கரையில் வைக்காதீர்கள். மண்டபம் தொடங்கி தனுஷ்கோடி வரை காற்று மைக்கைத் தின்றுவிடும். காருக்குள், டீக்கடைக்குள், வீட்டுத் திண்ணையில் வையுங்கள். பனங்காடும் காற்று எழுந்தால் ஓலைச் சலசலப்பு தாங்காது. விடிகாலையிலேயே எடுத்து முடிக்க வேண்டும்.

டிரோன் ஷாட் எழுதும்போது, உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. ராமேஸ்வரம் கோயிலுக்குள் போனே கொண்டுபோக முடியாது, கோயில் சீனை வெளியே நான்கு வீதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. வாசிப்பு

நாலு பேரை உட்கார வைத்து, ஆளுக்கொரு பாத்திரமாக முழுவதையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நாலு பேரும் நாற்பதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். இளைஞர்கள் காமெடி வரியை அழுத்தி வாசிப்பார்கள், நடுவயதுக்காரர்கள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். உங்களுக்குத் தேவை இரண்டாவது.

நீங்கள் நடுவில் பேசாதீர்கள். யார் எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள், எங்கே பக்கத்தைப் புரட்டி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டிய பக்கங்கள் அவைதான்.

முடிந்ததும் "நல்லா இருக்கு" என்பார்கள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். "காதருக்கு அப்புறம் வேலை கிடைச்சுதா?" என்று ஒருவராவது கேட்டால் பட்ஜெட் போட ஆரம்பிக்கலாம். யாரும் எதுவும் கேட்காமல் எழுந்து போனால் மூன்றாம் படிக்குத் திரும்பி, ஆட்களை மறுபடி எழுதுங்கள்.